பூடான் சொன்னதில் எது நின்றது, எது தடுமாறியது

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "பூடான் உலகத்திலேயே பசுமையான நாடு என்கிறார்கள். காட்டைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள், சுற்றுலா வருபவர்களிடம் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். இதெல்லாம் உண்மையிலேயே நடக்கிறதா, இல்லை விளம்பரமா? ஊட்டி, கொடைக்கானலுக்கும் அதே மாதிரி செய்ய முடியாதா?"

விளம்பரம் இல்லை. ஆனால் பூடான் சொன்னது எல்லாமே ஒரே உறுதியோடு நிற்கவும் இல்லை. காடு விஷயத்தில் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சுற்றுலாக் கட்டணத்தில் பெரிதாகத் தடுமாறி, பாதியில் இறங்கி வந்தார்கள். நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்று சொன்னது நடக்கவே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: நாட்டின் வருமானத்தோடு பிணைந்த வாக்குறுதி நிலைத்து நின்றது. செலவு முழுவதும் யாரோ சிலர் தலையில் விழுந்த வாக்குறுதி ஆட்டம் கண்டது.

முதலில் காடு. 2008 ஜூலையில் பூடான் தன் எழுதப்பட்ட அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் எக்காலத்துக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று அதன் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு குடிமகனும் இயற்கை வளங்களுக்கு அறங்காவலர் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இன்றைக்கு அங்கே காடு சுமார் 70 சதவீதம். பாதிக்கும் மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காக்களாகவும் சரணாலயங்களாகவும் அவற்றை இணைக்கும் விலங்குப் பாதைகளாகவும் பாதுகாக்கப்படுகிறது. 2009 கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், காடுகள் உறிஞ்சும் அளவைத் தாண்டி நாங்கள் கரியமில வாயுவை வெளியிட மாட்டோம் என்று அறிவித்தார்கள். 2015-ல் ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கின்படி, ஆண்டுக்கு வெளியேறுவது சுமார் 22 லட்சம் டன், காடுகள் உறிஞ்சுவது சுமார் 63 லட்சம் டன்.

இதில் ஒரு பங்கு அதிர்ஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிட்டத்தட்ட கேரளா அளவு நிலம், மதுரை மாநகராட்சியை விடக் குறைந்த மக்கள்தொகை. பெரிய தொழிற்சாலைகள் குறைவு. இப்படி ஒரு நாடு கரியமிலக் கணக்கில் மிச்சம் காட்டுவது அவ்வளவு ஆச்சரியம் இல்லை. ஆனால் 70 சதவீதக் காடு தானாகத் தங்கிவிடுவதில்லை. மரம் விற்றால் உடனே காசு. தெற்கே மரத்துக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காசை வேண்டாம் என்று சொல்ல, வேறு எங்கிருந்தாவது காசு வர வேண்டும். பூடானுக்கு அது ஆற்றிலிருந்து வந்தது.

நீர்மின்சாரம்தான் அந்த நாட்டின் பொருளாதார முதுகெலும்பு. 336 மெகாவாட் சூக்கா திட்டம் 1980-களின் கடைசியில் முழுமையாக ஓடத் தொடங்கியது. இந்தியா 60 சதவீதத்தை மானியமாகவும் 40 சதவீதத்தைக் கடனாகவும் கொடுத்துக் கட்டியது அது. 2007 வாக்கில் 1,020 மெகாவாட் தாலா, 2019-ல் 720 மெகாவாட் மாங்டெச்சு. மழைக்காலத்தில் தன் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை பூடான் இந்தியாவுக்கு விற்கிறது. காட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மலைச்சரிவில் மரம் போனால் மண் சரிந்து ஆற்றில் கலக்கும். இமயமலை ஆற்று மணலில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் அதிகம், அது டர்பைன் தகடுகளை அரித்துத் தின்றுவிடும். காடு நின்றால் ஆறு தெளிவாக ஓடும், இயந்திரம் நீண்ட நாள் உழைக்கும், கஜானாவுக்குப் பணம் வரும். அங்கே காட்டிலாகாவும் மின்துறையும் ஒரே பக்கம் நிற்பதற்கு இதுதான் காரணம். உலகில் பல நாடுகளில் இந்த இரண்டு துறைகளும் எதிரெதிர் பக்கம் நின்று சண்டை போடுகின்றன.

அந்த மின்சாரம் கிராமத்துக்கும் போகிறது. கிராமப்புற வீடுகளுக்கு மாதம் 100 யூனிட் வரை இலவசம் என்று 2013-க்குப் பிறகு கொண்டுவந்தார்கள். (நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்.) இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீட்டில் ரைஸ் குக்கரும் கறி குக்கரும் வந்துவிட்டால் விறகு வெட்டுவது குறையும், அடுப்புப் புகையும் போகும். "காட்டில் விறகு வெட்டாதே" என்று பலகை மாட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

உள்கட்டமைப்பு என்ற பெரிய சொல்லுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பொப்ஜிக்கா பள்ளத்தாக்கு. திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும்போது அங்கே வந்து இறங்கும், பிப்ரவரி, மார்ச் வாக்கில் திரும்பிப் போகும். அகலமான சதுப்பு நிலம், சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள், மேட்டில் காங்டே மடாலயம். ஊருக்கு மின்சாரம் கொண்டுவர வேண்டும். கம்பம் நட்டு கம்பி இழுத்தால், பனிமூட்டத்தில் தாழப் பறந்து இறங்கும் கொக்குகள் அதில் மோதிச் சாகும். அதனால் பள்ளத்தாக்கில் மின் கேபிளைப் பூமிக்கடியில் புதைத்துக் கொண்டுபோனார்கள். செலவு கூடுதல்தான். அந்தக் கூடுதல் செலவுக்கு வெளிநாட்டு உதவியும் அரசும் கை கொடுத்தன, விவசாயி தலையில் கட்டவில்லை. இன்று அங்கே வீடுகளில் விளக்கு எரிகிறது, கொக்கும் வருகிறது. நவம்பர் 11 அன்று மடாலய முற்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் கட்டி ஆடும் திருவிழாவைப் பார்க்க வெளிநாட்டவர்கள் வந்து அதே ஊர் வீடுகளில் தங்குகிறார்கள்.

இந்த நீர்மின் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு, அதை மறைத்தால் பதில் முழுமையாகாது. சூக்காவுக்கும் தாலாவுக்கும் கிடைத்த மாதிரி தாராளமான மானியம் பிறகு கிடைக்கவில்லை. அடுத்து வந்த பெரிய திட்டங்களில் மானியம் 40 சதவீதம், பிறகு 30 சதவீதம்தான், மீதி கடன் என்று ஆகிவிட்டது. 1,200 மெகாவாட் புனாட்சாங்சு-1 திட்டத்தை 2008-ல் தொடங்கினார்கள். 2013-ல் அணை கட்டும் இடத்தில் வலது கரை மலையே நகர ஆரம்பித்தது. அதன் பிறகு வருடக்கணக்கில் மலையைப் பிடித்து நிறுத்துவதிலேயே பணம் கரைந்தது, மதிப்பீடு பல மடங்கு ஏறியது. பக்கத்துத் திட்டமான புனாட்சாங்சு-2 கூட 2025-ல்தான் முழுமையாக ஓடத் தொடங்கியது. நாட்டின் பொதுக்கடன் மொத்த உற்பத்தி மதிப்பையே தாண்டிப் போனது. அதில் பெரும்பங்கு நீர்மின் கடன்.

அப்புறம் குளிர்காலம். பூடானின் மின்நிலையங்கள் பெரும்பாலும் பெரிய தேக்கம் இல்லாமல், ஓடுகிற ஆற்றிலேயே ஓடுபவை. டிசம்பர் முதல் மார்ச் வரை ஆறு இளைத்துவிடும், உற்பத்தி அடியோடு குறையும். அப்போது இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்குகிறார்கள், அதில் நிலக்கரி மின்சாரமும் இருக்கும். போதாததற்கு அரசின் முதலீட்டு நிறுவனமான ட்ருக் ஹோல்டிங் நீர்மின்சாரத்தை வைத்து பிட்காயின் சுரங்கம் (கணினிகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டும் தொழில்) நடத்துவது 2023-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மழைக்காலத்தில் மிஞ்சுவதைக் காசாக்குவது புத்திசாலித்தனம்தான். ஆனால் குளிர்காலப் பற்றாக்குறை இருக்கும்போது மின்சாரத்தை விழுங்கும் தொழிலை வளர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சரி, நீங்கள் முக்கியமாகக் கேட்ட சுற்றுலாவுக்கு வருவோம்.

1974-ல், நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் முடிசூட்டலை ஒட்டி, பூடான் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தது. ஆரம்பத்திலிருந்தே அவர்கள் கொள்கை ஒன்றுதான்: ஆட்கள் குறைவாக வரட்டும், வருகிறவர்கள் நிறைய செலவு செய்யட்டும். பக்கத்து நேபாளத்தில் சுற்றுலா கட்டுப்பாடில்லாமல் பெருகியதைப் பார்த்துக்கொண்டே போட்ட திட்டம். கொரோனாவுக்கு முன் இருந்த ஏற்பாட்டில், வெளிநாட்டவர் ஒரு நாளைக்கு, சீசனைப் பொறுத்து, 200 அல்லது 250 டாலர் குறைந்தபட்சப் பேக்கேஜ் வாங்க வேண்டும். கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதற்குள்ளேயே ஹோட்டல், சாப்பாடு, கைடு, வண்டி எல்லாம் அடக்கம். அதில் 65 டாலர் மட்டும் அரசுக்கு. கல்விக்கும் மருத்துவத்துக்கும் காசு வாங்காத நாடு அது. அந்தச் செலவில் ஒரு பங்கு இந்த 65 டாலரிலிருந்து போனது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இந்தியா, வங்கதேசம், மாலத்தீவு நாட்டவருக்கு எந்தக் கட்டணமும் இல்லை. 2019-ல் பூடானுக்கு வந்தவர்கள் சுமார் 3,15,000 பேர், அதில் ஏறத்தாழ முக்கால்வாசி இந்தியர்கள். அதாவது "குறைந்த ஆட்கள்" என்ற கொள்கை அமெரிக்கருக்கும் ஜெர்மானியருக்கும் இருந்தது, எல்லை நகரமான புன்ட்ஷோலிங் வாசலில் வண்டி வண்டியாக வந்து இறங்கிய நமக்கு இல்லை. 2020 ஜூலையிலிருந்து நமக்கும் ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் என்று வைத்தார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன். தலைநகர் திம்புவின் குப்பைக்கும் பாரோ நகரின் நெரிசலுக்கும் வந்தவர்கள் எல்லோரும்தான் பொறுப்பு.

தடுமாற்றம் 2022-ல் தொடங்கியது. இரண்டரை வருட கொரோனா பூட்டுக்குப் பிறகு அந்தச் செப்டம்பர் 23-ல் திறந்தார்கள். புதிய சட்டத்தின்படி, கட்டாயப் பேக்கேஜ் ரத்து. அதற்குப் பதில் அரசுக்கான நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் மட்டுமே ஒரு இரவுக்கு 200 டாலர். ஹோட்டல், சாப்பாடு, வண்டி எல்லாம் தனி. கணவன் மனைவி ஏழு இரவு தங்கினால், முன்பு அரசுக்குப் போனது 910 டாலர். இப்போது 2,800 டாலர், அதுவும் ஒரு அறைக்கோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ செலவழிப்பதற்கு முன்னால்.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். 2023 முழுக்க வந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர், 2019-ல் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய சொகுசு ஹோட்டல்கள் தாக்குப்பிடித்தன, அவர்களுடைய வாடிக்கையாளருக்கு 200 டாலர் பெரிய விஷயம் இல்லை. அடி வாங்கியது மற்றவர்கள்: மூன்று நட்சத்திர ஹோட்டலைக் கடன் வாங்கிக் கட்டியவர், கைடு, டிரைவர், தக்சாங் மடாலயத்துக்கு ஏறும் பாதையில் குதிரை வைத்திருப்பவர், வீட்டின் மாடியில் இரண்டு அறை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைக்கும் விவசாயி. கொரோனாவில் வருமானம் இல்லாமல் இருந்தவர்களுக்குத் திறந்த பிறகும் வருமானம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்கள். அதற்குச் சுற்றுலா மட்டுமே காரணம் இல்லை, சம்பளம், வேலையின்மை என்று பல உண்டு. ஆனால் இதுவும் ஒரு காரணம்.

அரசு இறங்கி வந்தது. 2023 ஜூனில், நான்கு இரவுக்குக் கட்டினால் இன்னும் நான்கு இரவு இலவசம் என்ற மாதிரி சலுகைகள் அறிவித்தார்கள். பசுமைக் கட்டணத்துக்கு ஆடித் தள்ளுபடி போட்ட மாதிரி ஆகிவிட்டது அது. செப்டம்பரில் கட்டணத்தை 100 டாலராகப் பாதியாக்கினார்கள், 2027 ஆகஸ்ட் 31 வரை. ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு இல்லை, 12 வயது வரை பாதி. இந்தியர்களுக்கு அதே 1,200. 2024-ல் வருகை ஒன்றரை லட்சத்தை நெருங்கியது.

கட்டணம் வாங்கியதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். 65 டாலரை எல்லோரும் பல வருடப் பழக்கமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள், அதோடு பேக்கேஜில் உள்ளூர்க்காரர்களுக்கு உறுதியான வருமானமும் இருந்தது. 2022-ல் அரசின் பங்கை மூன்று மடங்காக்கி, உள்ளூர்க்காரர்களின் உறுதியைப் பிடுங்கிவிட்டார்கள். அதுவும் அவர்கள் மிகவும் நலிந்திருந்த நேரத்தில். படிப்படியாக ஏற்றியிருந்தால் நிலைத்திருக்கும்.

இதே கோளாறு விவசாயத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். 2012 ரியோ மாநாட்டை ஒட்டி, 2020-க்குள் நாடே நூறு சதவீத இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். நடக்கவில்லை, இலக்கு 2035-க்குத் தள்ளிப்போனது. மலைச்சரிவில் சின்னச் சின்னப் படிக்கட்டு வயல், ஆள் பற்றாக்குறை, களை எடுக்கவே கூலி கட்டாது. இதற்கு மேல் காடு பெருகியதால் காட்டுப்பன்றியும் யானையும் பெருகின. அறுவடைக்கு முன் மாதக்கணக்கில் விவசாயி இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்க வேண்டும். கிழக்குப் பூடானில் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு திம்புவுக்குப் போய்விட, கூங்டோங் எனப்படும் ஆளில்லாத வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. காட்டைக் காத்த பெருமை நாட்டுக்கு, பன்றி மேய்ந்த வயல் விவசாயிக்கு. மின்வேலி போடுவதற்கு அரசு உதவுகிறது, ஆனால் இழப்பின் அளவுக்கு அது போதவில்லை.

காசு விஷயத்தை ஒழுங்காக யோசித்த ஒரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். 2017-ல் 'பூடான் ஃபார் லைஃப்' என்ற நிதியம் தொடங்கினார்கள். நன்கொடையாளர்களிடமிருந்து 4.3 கோடி டாலர் ஒரே நேரத்தில் உறுதி வாங்கி, அதை 14 ஆண்டுக்குப் பிரித்துப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குச் செலவிடுகிறார்கள். வருடம் ஏற ஏற நன்கொடைப் பங்கு குறையும், அரசின் பங்கு கூடும், கடைசியில் முழுச் செலவும் அரசுடையது. நன்கொடை நின்றதும் திட்டமும் நின்றுபோகும் வழக்கமான கதையைத் தவிர்க்கப் போட்ட வழி இது. எனக்கு இது பூடானின் எந்த மாநாட்டு அறிவிப்பையும் விட முக்கியமாகப் படுகிறது.

காட்டை இவ்வளவு காத்த பிறகும் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. 1994 அக்டோபரில் லுக்யே பனி ஏரி உடைந்து, வெள்ளம் பல மைல் கீழே புனாக்கா வரை வந்து 21 பேரைக் கொன்றது. பக்கத்திலிருக்கும் தோர்தோர்மி ஏரியும் உடையக்கூடும் என்பதால், 2009 முதல் நீர்மட்டத்தைச் சுமார் 5 மீட்டர் குறைக்கும் வேலை செய்தார்கள். 4,400 மீட்டர் உயரம், இயந்திரம் போகப் பாதை இல்லை. நாட்கணக்கில் நடந்து ஏறிய ஆண்களும் பெண்களும் பனி நீரில் நின்று, கையாலேயே பாறை பெயர்த்து வாய்க்கால் வெட்டினார்கள். உலகம் வெளியிட்ட புகையால் பூமி சூடாகி, பனி உருகி ஏரிகள் பெருகுவதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இனி வரப்போகும் பெரிய சோதனை கெலெபு. 2023 டிசம்பர் 17-ல் மன்னர் ஜிக்மே கேசர் நம்கியால் வாங்சுக், அசாம் எல்லையில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பில் ஒரு புதிய நகரம் வரும் என்று அறிவித்தார். தனி நிர்வாகம், சர்வதேச விமான நிலையம், அசாமிலிருந்து ரயில். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் அது யானைகள் நடமாடும் சமவெளி, மானஸ் பூங்காவின் பக்கத்து நிலம். இன்னொன்றும் உண்டு: 1990-களில் நேபாளி மொழி பேசும் சுமார் ஒரு லட்சம் பேர் இந்தத் தெற்குப் பகுதிகளிலிருந்துதான் வெளியேற்றப்பட்டு, நேபாள அகதி முகாம்களில் பல வருடங்களைக் கழித்தார்கள். நாட்டின் முன்னேற்றத்தை மக்களின் மகிழ்ச்சியை வைத்து அளக்கும் பூடானின் மகிழ்ச்சிக் குறியீட்டைப் புகழும் பல கட்டுரைகளில் இவர்கள் வருவதே இல்லை. வர வேண்டும்.

இப்போது ஊட்டி, கொடைக்கானல். பூடான் மாதிரி இரவுக் கட்டணத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அது தனி நாடு, உள்ளே வர நாலைந்து வாசல்தான், விசா அவர்கள் கையில். இங்கே வருகிறவர் இந்நாட்டுக் குடிமகன். இருந்தும் நாம் ஒன்றும் செய்யாமல் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில், நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். உடனே நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். திம்பு கைடுகள் 2022-ல் பட்ட அதே பயம்தான் இது, அதைப் பேராசை என்று ஒதுக்க முடியாது.

நீலகிரியில் நன்றாக நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் பாட்டில் திட்டத்தைப் பாருங்கள். காட்டில் வீசப்படும் மது பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில், 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கத் தொடங்கினார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும், பொறுக்கி எடுத்து வந்தவருக்குக் காசு. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன, பிறகு திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. இ-பாஸுக்கும் வெளியூர் வண்டிக்கு ஒரு சிறு கட்டணம் வைத்து, அந்தப் பணம் மாநிலக் கஜானாவுக்குப் போகாமல் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி உள்ளாட்சிகளின் குப்பை, குடிநீர், உள்ளூர்ப் பேருந்துச் செலவுக்கே போகும்படி செய்யலாம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று மாதாமாதம் நகராட்சி வாசலில் எழுதி ஒட்டலாம். கடையடைப்பு செய்த வியாபாரிகளிடம் முதலில் இதைப் பேச வேண்டும், வண்டி எண்ணிக்கையை அதற்குப் பிறகு பேசலாம்.